பொங்கோலை மிதிவண்டியில் அறிவோம்

ஓர் ஊரைச் சுற்றிப் பார்க்கப் பல வழிகள் உண்டு. காரில் சென்றால் சாலையும் போக்குவரத்து விளக்குகளும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். பெருவிரைவு ரயிலில் சென்றால் நிலையங்களின் பெயர்ப்பலகைகள் மட்டுமே தெரியும். பொங்கோலுக்குச் செல்லும் வடகிழக்கு ரயில் பாதையில் எல்லா நிலையங்களும் நிலத்தடியில்தான் இருக்கின்றன. நடந்து சென்றால் விரும்பிய இடத்தில் நின்று பார்க்கலாம். ஆனால், ஒரு மணி நேரத்தில் நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் செல்வது கடினம்.

மிதிவண்டி இவற்றுக்கு இடைப்பட்டது. நிதானமாக மிதித்தாலும் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று கிலோமீட்டர் செல்லலாம். வழியில் ஒரு பறவையைக் கண்டால் உடனே நிற்கலாம். ஒரு நினைவுப் பலகையைக் கண்டால் இறங்கிப் படிக்கலாம். அதனால், குடியிருப்புப் பேட்டைகள் நிறைந்த ஒரு புறநகரைத் தெரிந்துகொள்ள மிதிவண்டி மிகவும் ஏற்றது. சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில் உள்ள பொங்கோல் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

பொங்கோலின் மேற்கில் பொங்கோல் ஆறும் கிழக்கில் சிராங்கூன் ஆறும் உள்ளன. வடக்கில் ஜொகூர் நீரிணை விரிந்து கிடக்கிறது. மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த இவ்வூரில், நீரோரமாகவே பல கிலோமீட்டர் தூரம் மிதிவண்டியில் சென்றுவரலாம். அந்தப் பாதைகள் உடற்பயிற்சிக்கு உதவுகின்றன. கண்ணுக்கு விருந்தாகவும் அமைகின்றன. அத்துடன், ஊர் எப்படி மாறியது என்ற கதையையும் அவை சொல்கின்றன. மெதுவாகச் செல்பவருக்குத்தான் அந்தக் கதை முழுமையாகக் கிடைக்கும்.

பன்றிப் பண்ணைகளிலிருந்து புதுநகர் வரை

‘பொங்கோல்’ என்பது மலாய்ச் சொல்லிலிருந்து வந்த பெயர். மரக்கிளைகளின்மீது குச்சியை எறிந்து பழங்களை விழச் செய்வதை அச்சொல் குறிக்கும் என்று கூறுவர். ஒரு காலத்தில் இங்குப் பழத்தோட்டங்களும் மீனவர் கம்பங்களும் இருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பெயர் பொருத்தமாகவே தோன்றும்.

பின்னர், பொங்கோல் பன்றிப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. 1970களில் தீவின் வேறு பகுதிகளிலிருந்த பண்ணையாளர்களும் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். பண்ணைக் கழிவுகள் ஆறுகளில் கலந்ததால் நீர் மாசுபட்டது. நிலமும் நீரும் குறைவாக உள்ள நாட்டில் இது பெரிய சிக்கலாகியது. ஆகவே, சிங்கப்பூரில் பன்றி வளர்ப்பை நிறுத்துவதென 1980களில் முடிவு செய்யப்பட்டது. 1990ஆம் ஆண்டுடன் பொங்கோலில் அத்தொழில் முடிவுக்கு வந்தது. பல தலைமுறைகளாக ஒரே தொழிலைச் செய்துவந்த குடும்பங்கள் வேறு வேலை தேட வேண்டியிருந்தது.

பொங்கோலின் வடமுனையில் கடல் உணவகங்களும் இருந்தன. வார இறுதியில் மிளகாய் நண்டு சாப்பிடுவதற்காகத் தீவின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்குச் சென்றனர். 1990களில் அந்த உணவகங்களும் இடம் மாறின.

1996ஆம் ஆண்டில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங், ‘பொங்கோல் 21’ என்னும் திட்டத்தை அறிவித்தார். நீரோரத்தில் புதுமையான ஒரு நகரை அமைப்பது அதன் நோக்கம். ஆனால், 1997இல் ஏற்பட்ட ஆசியப் பொருளாதார நெருக்கடியால் திட்டம் தாமதமானது. 2003ஆம் ஆண்டு பெருவிரைவு ரயில் நிலையமும், 2005ஆம் ஆண்டு இலகு ரயில் பாதையும் திறக்கப்பட்டன. 2007ஆம் ஆண்டில் பிரதமர் லீ சியன் லூங் திட்டத்திற்குப் புத்துயிர் அளித்தார். அதன்பின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வேகமாக எழுந்தன. அவற்றுடன் சேர்ந்து பூங்காக்களும் மிதிவண்டிப் பாதைகளும் உருவாயின.

பூங்காக்களை இணைக்கும் பாதைகள்

சிங்கப்பூரில் மிதிவண்டி ஓட்டுவோர் அதிகம் பயன்படுத்துவது பூங்கா இணைப்புப் பாதைகளை. ஒரு பூங்காவை இன்னொரு பூங்காவுடன் இணைப்பதால் இவற்றுக்கு இந்தப் பெயர் வந்தது. இந்த எண்ணம் 1990களின் தொடக்கத்தில் உருப்பெற்றது. நிலப் பற்றாக்குறை உள்ள தீவில் இத்தனை பாதைகளுக்கு இடம் எங்கிருந்து கிடைத்தது? கால்வாய்களின் ஓரத்திலும் சாலைகளின் ஓரத்திலும் பயன்பாடின்றிக் கிடந்த குறுகிய நிலப்பகுதிகளே பாதைகளாக மாறின. கால்வாயைப் பராமரிக்க விடப்பட்டிருந்த இடம், நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் பயன்படத் தொடங்கியது. இன்று இத்தகைய பாதைகளின் மொத்த நீளம் 300 கிலோமீட்டருக்கும் அதிகம்.

வடகிழக்கு வட்டாரத்தில் பொங்கோல், செங்காங், ஹவ்காங் ஆகிய பகுதிகளைச் சுற்றி 26 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றோர வளையப் பாதை உள்ளது. மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் மிதித்தால் இரண்டு மணி நேரத்தில் அதனைச் சுற்றி வந்துவிடலாம். ஆனால், நிற்காமல் செல்பவர் வழியில் உள்ள பல இடங்களைத் தவறவிடுவார். அவற்றுள் சிலவற்றைப் பற்றிப் பின்வரும் பகுதிகள் விளக்குகின்றன.

நகரின் நடுவே ஒரு நீர்வழி

பொங்கோல் ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரம் சென்றாலே பொங்கோல் நீர்வழியை அடையலாம். இது 4.2 கிலோமீட்டர் நீளமுள்ளது. சிங்கப்பூரில் மனிதர்களால் அமைக்கப்பட்ட நீர்வழிகளில் இதுவே மிக நீளமானது. 2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இது திறக்கப்பட்டது.

முதன்முறை பார்ப்பவர்கள் இதனை இயற்கையான ஆறு என்றே நினைக்கக்கூடும். கரையில் மரங்கள் நிழல் தருகின்றன. நீரில் மீன்கள் நீந்துகின்றன. நாரைகள் ஒற்றைக் காலில் நின்று இரைக்காகக் காத்திருக்கின்றன. ஆனால், முன்பு இந்த இடத்தில் ஆறு இல்லை. பொங்கோல் ஆறும் சிராங்கூன் ஆறும் கடலில் கலக்கும் இடங்களில் அணைகள் கட்டப்பட்டு, 2011ஆம் ஆண்டில் இரண்டு நீர்த்தேக்கங்கள் உருவாயின. அவ்விரு நீர்த்தேக்கங்களையும் இணைக்கவே நகரின் நடுவே நிலத்தைத் தோண்டி இந்த நீர்வழி அமைக்கப்பட்டது. இதனால், கடலோரத்திலிருந்து தள்ளி இருக்கும் வீடுகளிலிருந்தும் நீரைப் பார்க்க முடிகிறது.

நீர்வழியின் இருகரைகளிலும் மிதிவண்டியில் செல்லலாம். ஆங்காங்கே பாலங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று ‘கேலோங் பாலம்’. கேலோங் என்பது, கடலில் மரத்தூண்களை நட்டு அவற்றின்மேல் கட்டப்படும் மீன்பிடிக் கூடாரம். பொங்கோலின் மீனவர் வாழ்க்கையை நினைவூட்டும் வகையில் பாலம் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவருக்கு, இங்கு ஒரு காலத்தில் கடலை நம்பியே மக்கள் வாழ்ந்தனர் என்பதை அந்தப் பெயர் எடுத்துச் சொல்கிறது.

மாலை நேரத்தில் நீர்வழியில் கூட்டம் அதிகமாக இருக்கும். முதியவர்கள் மெதுவாக நடப்பார்கள். பெற்றோர் குழந்தைகளின் தள்ளுவண்டிகளைத் தள்ளிச் செல்வார்கள். சிறுவர்கள் முதன்முதலாக மிதிவண்டி பழகுவார்கள். எனவே, வேகமாகச் செல்ல விரும்புவோருக்கு இது ஏற்ற இடமன்று. புதிதாகப் பழகுவோரும் குடும்பத்துடன் செல்வோரும் காலை வேளையில் இங்குத் தொடங்கினால் நிம்மதியாக ஓட்டலாம்.

கடல் பார்த்த முனை

நீர்வழியிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றால் பொங்கோல் முனை வரும். நிலம் முடிந்து நீரிணை தொடங்கும் இடம் இது. எதிரே புலாவ் உபின் தீவும் அதற்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் மாநிலமும் தெரிகின்றன. கடலுக்குள் நீண்டு செல்லும் படகுத்துறையில் சிலர் தூண்டில் போட்டுக் காத்திருப்பார்கள். அருகில் உள்ள பூங்காவில் கப்பல் வடிவத்தில் ஒரு காட்சி மேடை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் கடற்காற்று முகத்தில் வந்து மோதும்.

இந்த அழகான இடத்தில் ஒரு நினைவுப் பலகையும் இருக்கிறது. அவசரமாகச் செல்பவர்கள் அதனைக் கவனிப்பதில்லை. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. அடுத்த சில நாள்களிலேயே ‘சூக் சிங்’ எனப்படும் களையெடுப்பு நடவடிக்கையை ஜப்பானிய இராணுவம் தொடங்கியது. தங்களுக்கு எதிரானவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட சீன ஆண்களை அது பிடித்துச் சென்றது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், பொங்கோல் கடற்கரையில் சுமார் 300 முதல் 400 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தக் கொடுமையை நினைவுகூரவே இந்தப் பலகை வைக்கப்பட்டுள்ளது.

குடும்பங்கள் பட்டம் விட்டும் படம் பிடித்தும் மகிழும் ஒரு கடற்கரையில் இப்படியும் நடந்தது என்பதை ஏற்றுக்கொள்வது எளிதன்று. ஆயினும், மிதிவண்டியை நிறுத்தி, சில நிமிடங்கள் ஒதுக்கி, அந்தப் பலகையைப் படிப்பவர் இன்றைய அமைதியின் மதிப்பை உணர்வார். பாடநூலில் ஒரு வரியாகப் படித்த வரலாறு, அந்த இடத்தில் நிற்கும்போது உண்மையாகிறது.

பொங்கோல் முனையிலிருந்து கிழக்காகவும் பிறகு தெற்காகவும் ‘பொங்கோல் உலாப்பாதை’ செல்கிறது. இதன் நீளம் 4.9 கிலோமீட்டர். முதற்பகுதி கடலோரமாகவும் பிற்பகுதி சிராங்கூன் நீர்த்தேக்கத்தின் ஓரமாகவும் செல்கிறது. இருபுறமும் உயர்ந்து வளர்ந்த புற்களுக்கிடையே செல்லும்போது, அடுக்குமாடிகள் அருகில் இருப்பதே சிறிது நேரம் மறந்துபோகும்.

கோனித் தீவின் மரநிழலில்

பொங்கோல் முனையின் கிழக்கே, சிறிய இணைப்புப் பாதை ஒன்றைக் கடந்தால் கோனித் தீவை அடையலாம். முன்னாளில் இத்தீவு ‘புலாவ் சிராங்கூன்’ எனப்பட்டது. 1930களில் ‘டைகர் பாம்’ தைலத்தால் புகழ்பெற்ற ஹாவ் பார் சகோதரர்களுக்கு இது சொந்தமாக இருந்தது. 1950இல் இந்திய வணிகர் ஒருவர் இதனை வாங்கினார். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உள்ள ‘கோனி ஐலண்ட்’ போன்ற ஒரு கேளிக்கை இடமாக இதனை மாற்ற அவர் விரும்பினார். அந்தக் கனவு நிறைவேறவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பின்னர், கடலில் மண் நிரப்பித் தீவு பெரிதாக்கப்பட்டது.

2015ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தேசியப் பூங்காக் கழகம் இங்கு 50 ஹெக்டர் பரப்பளவில் பூங்காவைத் திறந்தது. தீவு முடிந்தவரை இயற்கையாகவே விடப்பட்டுள்ளது. சாய்ந்து விழுந்த சவுக்கு மரங்களின் கட்டைகளைக் கொண்டே இருக்கைகளும் அறிவிப்புப் பலகைகளும் செய்யப்பட்டன. பாதையில் விளக்குகள் இல்லை. அதனால், காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே பூங்கா திறந்திருக்கும்.

மிதிவண்டி ஓட்டுவோருக்கு இங்கு ஒரு புது அனுபவம் காத்திருக்கிறது. நகரப் பாதைகளைப் போல இங்குத் தரை வழுவழுப்பாக இல்லை. மண்ணும் கற்களும் கலந்த பாதையில் சக்கரம் சற்றுக் குலுங்கும். மழை பெய்த மறுநாள் குழிகளில் நீர் தேங்கி நிற்கும். இருபுறமும் சவுக்கு மரங்கள் உயர்ந்து நிற்கின்றன. காற்று வீசும்போது அவற்றின் ஊசி இலைகள் கடலலை போல ஒலி எழுப்புகின்றன. இத்தீவில் 80க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் காணப்பட்டுள்ளன. நீண்ட வால் குரங்குகளும் உண்டு. பூங்கா திறக்கப்பட்டபோது, தனியாகத் திரிந்த மாடு ஒன்றும் இங்கே வாழ்ந்தது. அது எப்படி வந்தது என்பது யாருக்கும் தெரியாத புதிராகவே இருந்தது. 2016இல் அது இறந்துபோனது.

தீவுக்குள் செல்வோர் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். குரங்குகளுக்கு உணவளிக்கக் கூடாது. உணவுப் பைகளைக் கையில் பிடித்துக்கொண்டு செல்வதையும் தவிர்க்க வேண்டும். கடற்கரையில் மணல் ஈக்கள் கடிக்கும் என்பதால் நீண்ட கால்சட்டை அணிவது நல்லது. மரப்பலகை நடைபாதைகளில் மிதிவண்டியைத் தள்ளிச் செல்ல வேண்டும். போதிய குடிநீரைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

குப்பைமேட்டை மறைத்த புல்வெளி

கோனித் தீவிலிருந்து மேற்கு வாயில் வழியாகத் திரும்பி, உலாப்பாதையில் தெற்கே சென்றால், சிராங்கூன் நீர்த்தேக்கத்தின் குறுக்கே சிவப்பு நிறப் பாலம் ஒன்று தெரியும். பாலத்தின் மறுகரையில் இருப்பது லோரோங் ஹாலுஸ் ஈரநிலம். இங்கு நாணல்கள் காற்றில் அசைகின்றன. குளங்களில் ஆகாயத்தின் நிறம் தெரிகிறது. தட்டான்கள் பறக்கின்றன. படம் எடுக்க வருவோருக்கு இது மிகவும் பிடித்த இடம்.

ஆனால், இந்த ஈரநிலத்தை ஒட்டிய நிலத்தின் அடியில் புதைந்து கிடப்பவை குப்பைகள். 1970 முதல் 1999 வரை லோரோங் ஹாலுஸ் ஒரு குப்பை நிரப்புமிடமாக இருந்தது. வீடுகளிலும் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் தூக்கி எறியப்பட்டவை லாரிகளில் இங்குக் கொண்டுவந்து கொட்டப்பட்டன. 1999இல் இவ்விடம் மூடப்பட்டபின், கடலில் அமைக்கப்பட்ட செமாக்காவ் குப்பை நிரப்புமிடம் அதன் பணியை ஏற்றுக்கொண்டது.

இடத்தை மூடியதுடன் சிக்கல் தீரவில்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, புதைந்த குப்பைகளின் ஊடாகச் சென்று அழுக்கான கசிவுநீராக மாறுகிறது. அருகிலேயே சிராங்கூன் நீர்த்தேக்கம் இருக்கிறது. அது மக்களுக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம். கசிவுநீர் அதில் கலந்தால் என்ன ஆகும்? இந்த ஆபத்தைத் தடுக்கவே 2011ஆம் ஆண்டில் ஈரநிலம் அமைக்கப்பட்டது. கசிவுநீர் கிணறுகளில் சேகரிக்கப்பட்டு மேலே ஏற்றப்படுகிறது. பிறகு, அது நாணல் படுகைகளின் வழியாக மெதுவாகச் செலுத்தப்படுகிறது. நாணல்களின் வேர்ப்பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள் நீரில் உள்ள மாசுகளைச் சிதைக்கின்றன. அடுத்து, குளங்களில் நீர் மேலும் தூய்மை அடைகிறது. இறுதியில் அது நீர்த்தேக்கத்துக்குள் விடப்படாமல் கழிவுநீர்க் குழாய்க்கே அனுப்பப்படுகிறது.

பாலத்தின்மேல் மிதிவண்டியை நிறுத்தி இருபுறமும் பார்த்தால் இந்த உண்மை விளங்கும். ஒரு பக்கம் புத்தம்புதிய வீடுகள், மறுபக்கம் பழைய வீடுகளிலிருந்து வந்த குப்பைகள், நடுவில் குடிநீர். ஒருவர் எறிந்த நெகிழிப் பை அவருடைய கண்ணைவிட்டு மறைந்திருக்கலாம். ஆனால், அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. குப்பை நிரப்புமிடம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் நாணல்களின் வேலை முடியவில்லை.

மிதக்கும் தோட்டம்

பொங்கோலின் மேற்குப் பக்கம் சென்று, ஆற்றோரப் பாதையில் தெற்கே மிதித்தால் செங்காங் வரும். அங்குள்ள செங்காங் ஆற்றோரப் பூங்காவில் பழமரங்கள் பல நடப்பட்டுள்ளன. பூங்காவை ஒட்டி, பொங்கோல் நீர்த்தேக்கத்தின்மேல் ‘மிதக்கும் ஈரநிலம்’ ஒன்று உள்ளது. 2010இல் திறக்கப்பட்ட இது, ஏறக்குறைய பாதிக் காற்பந்துத் திடலின் அளவுடையது. மண்ணில் வேரூன்றாமல் நீரின்மேல் மிதக்கும் இத்தோட்டத்தின் செடிகள், நீரில் உள்ள தேவையற்ற சத்துகளை உறிஞ்சிக்கொள்கின்றன. மீன்களும் பறவைகளும் அங்கே உறைவிடம் பெறுகின்றன. இருகரைகளையும் இணைக்கும் பாலம் இதனூடே செல்வதால் தோட்டத்தை மிக அருகிலிருந்து காணலாம்.

லோரோங் ஹாலுசில் நாணல் செய்யும் பணியை இங்கே மிதக்கும் செடிகள் செய்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் மாணவர், அறிவியல் வகுப்பில் கற்ற பாடத்தைக் கண்முன்னே காண்பார்.

பாதை எல்லாருக்கும் உரியது

இத்தனை இடங்களையும் இணைக்கும் பாதையில் மிதிவண்டிகள் மட்டும் செல்வதில்லை. நடப்போர், ஓடுவோர், சக்கர நாற்காலியில் செல்வோர், நாயை அழைத்துச் செல்வோர் ஆகிய அனைவருக்கும் பாதை ஒன்றுதான். ஆகவே, சில விதிகள் தேவைப்படுகின்றன.

பூங்கா இணைப்புப் பாதைகளிலும் மிதிவண்டிப் பாதைகளிலும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லக் கூடாது. மிதிவண்டி அனுமதிக்கப்படும் நடைபாதைகளில் இந்த வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். மிதிவண்டிப் பாதையை ஒட்டியே நடைபாதையும் இருந்தால், அந்த நடைபாதை நடப்போருக்கு மட்டுமே உரியது. இந்த விதி 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடப்புக்கு வந்தது. மிதிவண்டியில் குறைந்தது ஒரு கைப்பிரேக் நன்றாக வேலை செய்ய வேண்டும். இருட்டிய பின் முன்புறத்தில் வெள்ளை விளக்கும் பின்புறத்தில் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். சாலையில் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது கட்டாயம். பாதையில் ஓட்டும்போதும் அதனை அணிவது பாதுகாப்பானது.

விதிகள் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கின்றன என்று சிலர் கேட்கலாம். ஓர் எளிய கணக்கு அதற்கு விடை தரும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டி, ஒரு விநாடியில் ஏறத்தாழ 7 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு, அதனை உணர்ந்து, கை பிரேக்கை அழுத்துவதற்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகலாம். அதாவது, பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 7 மீட்டர் கடந்துவிடும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலோ அந்தத் தூரம் 3 மீட்டருக்கும் குறைவு. பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை 5 மீட்டர் தொலைவில் பாதைக்குள் ஓடி வருவதாக வைத்துக்கொள்வோம். வேகமாகச் செல்பவர் பிரேக் பிடிக்கும் முன்பே குழந்தையை நெருங்கிவிடுவார். மெதுவாகச் செல்பவருக்கு நிற்பதற்கு வாய்ப்பு இருக்கிறது. எனவே, 25 கிலோமீட்டர் என்பது உச்ச வரம்பு மட்டுமே. கூட்டம் உள்ள இடத்தில் அந்த வேகம் ஆபத்தானது.

எல்லாவற்றையும் சட்டத்தால் எழுதிவிட முடியாது. வளைவுகளில் இடப்பக்கம் ஒதுங்கிச் செல்லுதல், முந்துவதற்கு முன் மணியை ஒருமுறை மென்மையாக ஒலித்தல், காது கேளாத முதியவர் விலகவில்லை என்றால் பொறுமையாகக் காத்திருத்தல், வழிவிட்டவருக்கு நன்றி கூறுதல் ஆகியவை நல்ல பண்பின் அடையாளங்கள். சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று, இருபுறமும் பார்த்த பின்னரே செல்ல வேண்டும். நண்பர்கள் குழுவாகச் செல்லும்போது பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாதையை அடைத்துக்கொள்ளாமல், ஒருவர் பின் ஒருவராகச் செல்வது நல்லது. கைப்பேசியைப் பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்க்கலாம்.

முதியவர் ஒருவர், மிதிவண்டிகளுக்கு அஞ்சி மாலை நடையை நிறுத்திவிட்டால், அந்தப் பாதை அவரிடமிருந்து பறிக்கப்பட்டதாகவே பொருள். கால்வாய் ஓரத்தில் கிடந்த நிலத்தை எல்லாருக்கும் பொதுவாக்கிய முயற்சி அப்போது வீணாகும்.

மெதுவாக மிதிப்போர் காண்பவை

பொங்கோலைச் சுற்றிவரும் பாதைகள் வெவ்வேறு காலங்களைத் தொட்டுச் செல்கின்றன. பன்றிப் பண்ணைகள் இருந்த நிலத்தில் இன்று நீர்வழி ஓடும் நகர் இருக்கிறது. மக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட கரையில் இன்று குழந்தைகள் விளையாடுகின்றனர். குப்பை கொட்டப்பட்ட இடத்தின் ஓரத்தில் நாணல் வளர்கிறது. இம்மாற்றங்களுக்குப் பின்னால் திட்டமிட்டவர்களும் உழைத்தவர்களும் இருக்கின்றனர். தங்கள் வீட்டையும் தொழிலையும் விட்டு இடம் பெயர்ந்தவர்களும் இருக்கின்றனர்.

மிதிவண்டியை விரைவாக ஓட்டுபவருக்கு இவையனைத்தும் பக்கவாட்டில் மறையும் பசுமையாகவே தெரியும். மெதுவாக ஓட்டுபவரோ நினைவுப் பலகையைப் படிக்கிறார். நாணலின் வேலையை அறிகிறார். எதிரே தள்ளாடி நடந்து வரும் முதியவருக்கு வழிவிடுகிறார். ஊரைப் பார்ப்பதற்கும் ஊராரை மதிப்பதற்கும் ஒரே வேகம்தான் தேவைப்படுகிறது.

சொற்பொருள்

நீரிணை – இரண்டு நிலப்பகுதிகளுக்கு இடையே உள்ள குறுகிய கடற்பகுதி
ஈரநிலம் – நீர் தேங்கி, நீர்த்தாவரங்கள் வளரும் நிலம்
கசிவுநீர் – குப்பைகளின் ஊடாகக் கசிந்து வெளிவரும் அழுக்கு நீர்
உலாப்பாதை – பொழுதுபோக்காக நடப்பதற்கான பாதை
நுண்ணுயிர் – கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்

கருத்தறிதல்

1. பூங்கா இணைப்புப் பாதைகளுக்கு நிலம் எவ்வாறு கிடைத்தது?
2. பொங்கோல் முனையில் உள்ள நினைவுப் பலகை எந்த நிகழ்வை நினைவூட்டுகிறது?
3. லோரோங் ஹாலுஸ் ஈரநிலம் கசிவுநீரை எவ்வாறு தூய்மைப்படுத்துகிறது? அந்நீர் ஏன் நீர்த்தேக்கத்திற்குள் விடப்படுவதில்லை என நீ நினைக்கிறாய்?
4. ‘25 கிலோமீட்டர் என்பது உச்ச வரம்பு மட்டுமே’ என்னும் கூற்றை, பனுவலில் உள்ள கணக்கின் துணையுடன் விளக்கு.
5. நீ வாழும் வட்டாரத்தில் மிதிவண்டி ஓட்டுவதற்கு ஏற்ற ஓர் இடத்தைத் தேர்ந்தெடு. அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து வகுப்பில் பகிர்ந்துகொள்.